ஈயத் துணியா, செம்பு நாரா? ஸ்டெயின்லெஸ் ரிவால்வரில் எது எங்கே எட்டும்

என்னிடம் இருப்பது .357 மேக்னம் ரிவால்வர். ஆறு தோட்டா பிடிக்கும், முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆனால் அதில் போட்டுச் சுடுவது பெரும்பாலும் .38 ஸ்பெஷல், அதுவும் செம்பு உறை இல்லாத வெறும் ஈயக் குண்டு. உதை குறைவு, பயிற்சி நாளில் நூற்றைம்பது தோட்டா சுட்டாலும் மணிக்கட்டு வலிக்காது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சிலிண்டரின் (தோட்டாக்களைப் பிடித்துச் சுழலும் உருளை) முன்முகம் கரிச்சட்டி மாதிரி இருக்கும், குழலுக்குள் ஈயம் அப்பிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு வருடம் இதை ஈயம் துடைக்கும் துணியால் சமாளித்தேன். அதற்கு அடுத்த மூன்று வருடமாகச் செம்பு நார். இரண்டையும் கைநோகத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். எனக்குச் செம்பு நார்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கரி வேறு, ஈயம் வேறு. கரி என்பது வெடிமருந்து எரிந்த மிச்சம். சால்வென்ட், அதாவது அழுக்கைக் கரைக்கும் திரவம், போட்டு ஊறவிட்டால் இளகும். 1903-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் ஹாப்பிஸ் நம்பர் 9 ஆனாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, கால் மணி நேரம் ஊறியதும் நைலான் பிரஷ்ஷுக்கே பெரும்பகுதி வந்துவிடும். ஈயம் உலோகம். குண்டு வெளியேறும்போது சூடான வாயு அதன் ஓரத்தை அரிக்கும், குழலின் வாய் அதைச் சுரண்டும், அந்தத் துணுக்குகள் எஃகில் ஒட்டிக்கொள்ளும். வழக்கமான சால்வென்ட் எதுவும் அதைக் கரைக்காது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே எந்தப் புட்டி நல்லது என்று மணிக்கணக்கில் பேசுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. எதை வைத்துத் தேய்ப்பது என்பதுதான் விஷயம்.

ஈயத் துணி என்பது மெல்லிய அராவுபொருள் ஏற்றிய துணி, பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் வரும். உலர்ந்த நிலையிலேயே தேய்க்கலாம். சிலிண்டர் முகத்தில் ஆறு வாய்களைச் சுற்றியும் படியும் கறுப்பு வளையங்கள் இருக்கிறதே, அதற்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் தேய்த்தால் வளையம் மங்கும், இருபது நிமிடத்தில் எஃகு பளிச்சென்று தெரியும். துருவைத் தடுக்க மேலே நீலம் ஏற்றிய துப்பாக்கியில் இந்த வேலையே ஆகாது. கறையோடு சேர்த்து நீலத்தையும் உரித்துவிடும். ஸ்டெயின்லெஸ்ஸில் உரிவதற்குப் பூச்சு எதுவும் இல்லை என்பதால்தான் இந்தத் துணி இவ்வளவு பேரிடம் இருக்கிறது. ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும்: மங்கலான மேட் மெருகு உள்ள ரிவால்வரின் வெளிப்புறத்தில் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்கி, திட்டாக நிற்கும்.

இரண்டு வருடம் இந்தத் துணியில் திருப்தியாகத்தான் இருந்தேன். வளையம் போனால் துப்பாக்கி சுத்தம் என்று நம்பினேன். ஒருநாள் ரொம்ப நாள் கழித்து .357 தோட்டாக்களை எடுத்துப் போட்டேன். நான்கு உள்ளே விழுந்தன. இரண்டு, விளிம்பு உட்கார ஒரு நகக்கனம் மிச்சம் இருக்கும்போதே நின்றுவிட்டன. கட்டை விரலால் அழுத்தினால் போகும், ஆனால் அழுத்த வேண்டியிருந்தது. அன்றைக்கு அந்தத் தோட்டாக்களைச் சுடாமல் எடுத்து வைத்துவிட்டேன். முந்தின வாரம்தான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்தச் சிலிண்டரின் முகத்தை முகம் தெரியும் அளவுக்குத் துடைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூடு 29.3 மில்லிமீட்டர் நீளம். 1935-இல் வந்த .357 மேக்னத்தின் கூடு 32.8 மில்லிமீட்டர். ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம். நீளமான அறைக்குள் (சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளை) குட்டைக் கூட்டைப் போட்டுச் சுடும்போது, கூட்டின் வாய்க்கு முன்னால் அந்த மூன்றரை மில்லிமீட்டர் திறந்து கிடக்கிறது. கரி, ஈயத் துணுக்கு, குண்டில் தடவியிருக்கும் மெழுகு எல்லாம் கலந்து அங்கேதான் ஒரு மோதிரம் மாதிரி படிகிறது. சுடச்சுட இறுகுகிறது. அப்புறம் .357 போடும்போது அதன் கூட்டு வாய் நேராக அந்த மோதிரத்தின் மேல் போய் முட்டும். வலுக்கட்டாயமாக ஏற்றினால் கூட்டு வாய்க்கு விரிய இடம் இருக்காது. குண்டை விடாமல் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். சுட்ட பிறகு கூடு அறையிலேயே ஒட்டிக்கொண்டு சுட்ட கூடுகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டரின் தண்டை உள்ளங்கையால் அடித்து எடுக்க வேண்டிவரும்.

இப்போது இரண்டு ஆளையும் அந்த மோதிரத்துக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கலாம். துணியைச் சின்னச் சதுரமாக வெட்டி, ஜாக் முனையில் (சுத்தம் செய்யும் தண்டின் நுனியில் துணி மாட்டும் துண்டு) சுற்றி அறைக்குள் விட்டுத் தேய்க்க முடியும். நானும் செய்திருக்கிறேன். ஆனால் துணி மோதிரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. மேல்பரப்பைக் கொஞ்சம் மெருகேற்றுகிறது, அவ்வளவுதான். ஓரத்தைப் பிடித்து நெம்ப அதற்குப் பல் கிடையாது. சிலிண்டரின் முகத்தில் இருக்கும் கறுப்பு வளையம் கண்ணுக்குத் தெரியும், அதனால் ஒரு தீங்கும் இல்லை. அடுத்த ஆறு தோட்டாவில் திரும்ப வந்துவிடும். அறைக்குள் இருக்கும் மோதிரம் கண்ணில் படாது, தோட்டாவையே தடுக்கும். துணி முதலாவதில் கெட்டிக்காரி. எனக்கு வேண்டியது இரண்டாவது.

செம்பு நார் என்று நான் சொல்வது பாத்திரம் தேய்க்க விற்கும் செம்புக் கம்பிச் சுருளைத்தான். அதிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, தேய்ந்துபோன பழைய வெண்கலப் பிரஷ்ஷின் மேல் சுற்றிக்கொள்ள வேண்டும். அறைக்குள் விட்டால் இறுக்கமாகப் போக வேண்டும், அதே சமயம் கையால் தள்ளினால் நகர வேண்டும். அந்த இறுக்கம்தான் இதன் உயிர். தளர்வாகச் சுற்றினால் துணி மாதிரியே வழுக்கும். எண்ணெயில் நனைத்து, சிலிண்டரின் பின்பக்கமாக விட்டு, மோதிரம் இருக்கும் இடத்தில் நிறுத்தி முறுக்கிக்கொண்டே முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து தடவை. வெளியே எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். கறுப்புச் சேற்றுக்கு நடுவே வெள்ளிச் சரிகை கிழிந்த மாதிரி மினுக்கு மினுக்கென்று துணுக்குகள் கிடக்கும். அதுதான் ஈயம். முதல்முறை என் துணியில் விழுந்ததைப் பார்த்தபோது, இரண்டு வருடச் சரக்கு என்று புரிந்தது.

எஃகுக்குச் சேதம் வராதா என்று கேட்பார்கள். மோஸ் கடினத்தன்மை அளவில் ஈயம் 1.5, செம்பு சுமார் 3. துப்பாக்கி எஃகு இரண்டுக்கும் மேலே. ஆகவே செம்பு ஈயத்தைக் கீறும், எஃகைக் கீறாது. இது செம்பு உண்மையிலேயே செம்பாக இருந்தால். செம்பு முலாம் பூசிய இரும்புக் கம்பியைச் செம்பு நிறத்திலேயே விற்கிறார்கள், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வாங்கியதும் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது குழலுக்குள் போகக் கூடாது. ரிவால்வரின் மேல் காந்தம் ஒட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். துப்பாக்கிக்குப் பயன்படுவது பெரும்பாலும் கடினப்படுத்தக்கூடிய 400 வரிசை ஸ்டெயின்லெஸ், அதில் காந்தம் ஒட்டும். எவர்சில்வர் பாத்திரத்தின் எஃகு வேறு ரகம். இந்த 400 வரிசை துருவுக்கு அவ்வளவு கெட்டியும் இல்லை, அதனால் எல்லாம் முடிந்ததும் மெல்லிசாக எண்ணெய் பூசாமல் உள்ளே வைக்காதீர்கள்.

ஃபோர்சிங் கோன், அதாவது சிலிண்டரிலிருந்து வரும் குண்டை வாங்கிக்கொள்ளும் குழலின் புனல் வாய், ஈயம் அதிகம் சேரும் இன்னொரு இடம். இங்கேயும் செம்பு நார்தான் முந்துகிறது. ரிவால்வர் குழலைப் பின்பக்கமாகச் சுத்தம் செய்ய முடியாது, முன்வாயிலிருந்துதான் தண்டை விட வேண்டும். குழலின் முன்விளிம்பில் தண்டு உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குறி தவறுவதற்கு அந்த விளிம்பு அடிபட்டாலே போதும். சட்டத்தின் (ரிவால்வரின் உடல்) ஜன்னலில், அதாவது சிலிண்டர் உட்காரும் திறப்பில், ஒரு பழந்துணியை மடித்து வைத்துவிட்டால், உதிரும் அழுக்கு சுத்தியல் பக்கத் துளைக்குள் போகாது.

லூயிஸ் லெட் ரிமூவர் என்ற கருவியையும் சொல்லியாக வேண்டும். ரப்பர் முனை மேல் பித்தளை வலையை மாட்டி, திருகி விரித்து, ஃபோர்சிங் கோனிலிருந்து குழல் வழியாக இழுப்பது. கூம்புக்குத் தனி முனை உண்டு. நண்பரிடம் இரவல் வாங்கி ஒரே ஒருதடவை இழுத்துப் பார்த்தேன். செம்பு நாரில் பத்து நிமிடம் ஆவது இதில் மூன்று இழுப்பில் முடிந்தது. ஒருதடவை அனுபவத்தை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன், ஆனால் குழலில் கோடு கோடாக ஈயம் அப்பியிருப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம் என்று படுகிறது. ஒவ்வொரு காலிபருக்கும் (குழலின் உள்விட்டம்) தனித்தனி முனை வேண்டும்.

வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சரிபாதி கலந்து ஊறப்போடுவது ஒரு பழக்கம். வேண்டவே வேண்டாம். ஈயம் கரைவது உண்மை. கரைந்து ஈய அசிட்டேட் ஆகிறது. நீரில் கரையும் விஷம், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? கடைசியில் நாலு உறையிட்ட குண்டைச் சுட்டால் ஈயம் தானே வழித்துக்கொண்டு போகும் என்பதும் பழைய யோசனை. ஈயம் அப்பிய குழல் வழியாக இறுக்கமான குண்டை அனுப்புவது அழுத்தத்தை ஏற்றும், சில சமயம் ஈயத்தை இன்னும் எஃகோடு அமுக்கியும் விடும்.

நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டரின் அடியில் சேரும் கரிக்குத் துணியும் வேண்டாம், செம்பும் வேண்டாம். பழைய பல் பிரஷ் போதும். அங்கே எரியாத மருந்துமணி ஒன்றிரண்டு மாட்டினாலே சிலிண்டர் சுற்றுவது கடினமாகிவிடும். சுட்ட கூடுகளைத் தள்ளும்போது குழலை வானம் பார்த்துப் பிடித்தால் மணிகள் கூட்டோடு கீழே விழுந்துவிடும்.

செம்பு நாருக்குச் சாதகமாக எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. துணியை உலர்ந்த நிலையில் தேய்க்கிறோம், உதிர்வது பொடி. நாரை எண்ணெயில் நனைத்துத் தேய்க்கிறோம். உதிர்வது சேறு, அது பறக்காது. கறுப்புப் பொடி வெறும் கரி என்று நினைக்கக் கூடாது, ப்ரைமரில் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் மூடி) இருக்கும் லெட் ஸ்டைஃப்னேட் என்ற ஈயச் சேர்மத்திலிருந்து வரும் ஈயமும் அதில் கலந்திருக்கிறது. எந்த முறையானாலும் கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், சமைக்கும் இடத்திலும் சாப்பிடும் மேசையிலும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய விஷயம். குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்துக்கான கவனிப்பு அளவை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது.

டைட்டேனியம் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அதன் மேற்பரப்புக்கு அராவுபொருள் ஆகாது. கையேட்டில் சொன்னதை மட்டும் செய்யுங்கள். நான் பழகியது முழு ஸ்டெயின்லெஸ்ஸில் மட்டும்தான்.

ஈயத் துணியை நான் தூக்கிப் போடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை சட்டத்தின் உள்மேல் பகுதியைப் பார்க்க வேண்டியிருக்கும்போது ஒரு துண்டு வெட்டிக்கொள்வேன். அங்கே வாயு அரித்த கோடு ஆழமாகிறதா என்று தெரிய கரி போக வேண்டும். சிலிண்டரின் முகத்தில் மட்டும் இப்போது கையே வைப்பதில்லை. ஆறு கறுப்பு வளையங்களும் அப்படியே இருக்கின்றன. சுத்தம் செய்து முடித்ததும் சிலிண்டரைத் திறந்து, குழலைத் தரையைப் பார்த்துப் பிடித்து, .357 நீளமுள்ள டம்மி தோட்டா ஒன்றை ஒவ்வொரு அறையிலும் விட்டுப் பார்ப்பேன். ஆறிலும் தன் கனத்திலேயே இறங்கி, விளிம்பு 'டக்'கென்று உட்கார வேண்டும். உட்காராத அறைக்கு இன்னும் பத்துத் தடவை நார் போடுவேன்.