ஸ்கோப்பில் குறி பார்க்க: கண்ணாடியா, கான்டாக்ட் லென்ஸா, வெறும் கண்ணா?

கண்ணாடி போடுகிறவர் ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய ரைபிளில் சுட மூன்று வழி உண்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஐபீஸ் (ஸ்கோப்பில் நாம் கண் வைக்கும் முனை) வளையத்தைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம், கான்டாக்ட் லென்ஸ் போடலாம், கண்ணாடியோடேயே சுடலாம். மூன்றையும் பார்த்துவிட்டு நான் கண்ணாடிக்கே திரும்பினேன். என் வலக்கண்ணுக்கு மைனஸ் 4, கூடவே சிலிண்டர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இல்லாததைச் சரிசெய்யும் பவர்) 1.25. உங்கள் பவர் வேறு என்றால் முடிவும் மாறலாம்.

வெறும் கண் எனக்குச் சரிப்படவே இல்லை. அந்த வளையம் பெரும்பாலும் இரண்டு, மூன்று டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு, என் மைனஸ் 4-ம் அதே கணக்குதான்) வரைதான் ஈடுகொடுக்கும். சிலிண்டர் பவரை அது தொடாது. ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக் கோட்டில், படுக்கைக் கோடு கூர்மையானால் செங்குத்துக் கோடு மங்கியது. பவர் குறைவாக, சிலிண்டர் இல்லாமல் இருப்பவருக்கு ஸ்கோப்புக்குள் எல்லாம் தெளிவாகவே தெரியும். ஆனால் முகத்தை எடுத்த மறுநொடி இலக்கு எண்ணும் தெரியாது, எச்சரிக்கைக் கொடியும் தெரியாது. தோட்டாவின் கூடு கிழிந்தால் வாயு முகத்துக்கு வரும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி எப்படியும் வேண்டும். அப்புறம் எதற்குக் கழற்றுவது?

கான்டாக்ட் லென்ஸில் பார்வை அகலம், ஓரம் என்ற பேச்சே இல்லை. ஆனால் சிலிண்டருக்கான டோரிக் லென்ஸ், படுத்துத் தலையைச் சாய்த்தால் லேசாகச் சுழன்று, ஒருமுறை கண் சிமிட்டும்வரை மங்கலாக்கியது. குறி பார்க்கும்போது நாம் சிமிட்டுவதே குறைவு, கண் உலர்ந்துபோகும். நான் சில மாதங்கள்தான் போட்டேன். வருடக்கணக்கில் பழகியவர் இதை மறுக்கலாம்.

கண்ணாடியில் ஒரே ஒரு சிக்கல்தான் பெரிது: லென்ஸின் எந்த இடம் வழியாகப் பார்க்கிறோம்? மேசையில் உட்கார்ந்து தலை நிமிர்ந்து சுட்டால் ஏறக்குறைய நடுப்பகுதி வழியாகப் பார்ப்போம். படுத்துச் சுடும்போது தலை முன்னால் கவிழும், பார்வை மூக்குப் பக்கத்து மேல் மூலைக்குப் போய்விடும். மைனஸ் 4 லென்ஸில் மையத்திலிருந்து 1 செ.மீ. விலகினால் 4 பிரிசம் டயாப்டர் விலக்கம், அதாவது ஒரு மீட்டருக்கு 4 செ.மீ. பார்வை தள்ளிப்போகும். பயந்துவிட்டேன், குண்டும் அவ்வளவு தள்ளிப் போகுமோ என்று! போகாது. குறுக்குக் கோடும் இலக்கும் ஒரே பிம்பமாக வருவதால் இரண்டும் சேர்ந்தேதான் நகர்கின்றன. உண்மையில் கெடுவது கூர்மை. சாய்வாகப் பார்ப்பதால் புதிதாக ஒரு சிலிண்டர் சேர்கிறது, ஓரங்களில் நிறம் பிரிகிறது. இந்த நிறப் பிரிவு லென்ஸ் எதனால் ஆனது என்பதையும் பொறுத்தது. ஆபே எண் குறையக் குறைய நிறம் அதிகம் பிரியும்: சாதாரண பிளாஸ்டிக்குக்கு 58, பாலிகார்பனேட்டுக்கு 30 அளவில்தான். ஆனால் அடி தாங்குவதில் பாலிகார்பனேட்டே மேல். டிரைவெக்ஸ் என்ற இன்னொரு லென்ஸ் பொருளுக்கு 43-க்கு மேல், அடியும் தாங்கும். நான் அதைத்தான் எடுத்தேன்.

மீதியைச் செலவில்லாமலே சரிசெய்தேன். மூக்குத் தாங்கிகளை நெருக்கிச் சட்டத்தை உயர்த்தினேன், ரைபிளில் கன்னம் பதிக்கும் தாங்கியைச் சற்று ஏற்றினேன், தலை நிமிர்ந்தது. கண்ணுக்குச் சரியான தூரம் கிடைக்க ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தியதும் கண்ணாடி போட்டபடியேதான். பிறகு வெளிர் வானத்தைப் பார்த்து, குறுக்குக் கோடு கூர்மையாகும்வரை ஐபீஸைத் திருகினேன். ஒரு பார்வை, உடனே விலகல். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாக ஈடுகட்டி ஏமாற்றிவிடும். சட்டம் புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் உயரமான லென்ஸாகப் பாருங்கள். குட்டிச் சட்டத்தின் மேல்விளிம்பு சரியாகக் குறிக்கு நடுவே வந்து நிற்கும்.

நான் சுடுவது உதை குறைந்த .22, .223 தோட்டா ரைபிள்கள் மட்டும். உதை பலமான ரைபிளில் ஐபீஸ் கண்ணாடியில் வந்து இடிக்கும் ஆபத்து உண்டு, அங்கே கண்ணுக்கும் ஐபீஸுக்கும் 9 செ.மீ.க்குக் குறையாத இடைவெளி இருக்கட்டும். பனிமூட்டக் காலையில் என் மூச்சே லென்ஸை மூடிவிடுகிறது. அந்த நாட்களில் மட்டும் கான்டாக்ட் லென்ஸ்காரர்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான்.