தேதி தவறாமல் எஃப்.சி.: ஈரோட்டுப் பட்டறை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்பவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு குட்டி யானையாவது இருக்கும். எங்கள் கடைக்கும் 2016-இல் வாங்கிய டாடா ஏஸ் ஒன்று உள்ளது. துணிப் பேல்களை ஏற்றிக்கொண்டு சாயப்பட்டறைக்கும் குடோனுக்கும் லாரி செட்டுக்குமாக அது ஓடாத நாள் குறைவு. இந்த முறை அதற்கு எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று பெறுவதற்கான வேலைகளை, பெருந்துறை சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பட்டறையிடம் ஒப்படைத்தோம். பெயரை எழுத வேண்டாம் என்று பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டதால் இங்கே அதைத் தவிர்க்கிறேன். மார்ச் மாதத்தில் இப்போதே வண்டி நிறுத்த இடமில்லை என்பது அவர் சொன்ன காரணம். பெயர் இல்லாத மதிப்புரையால் என்ன பயன் என்று கேட்பவர்கள், தங்கள் ஊரில் எஃப்.சி. வேலைக்குப் பட்டறை தேடும்போது எதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்பதற்காகவாவது இதைப் படிக்கலாம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவின்படி, வாடகைக்கோ வியாபாரத்துக்கோ ஓடும் வண்டியிடம் செல்லுபடியாகும் தகுதிச் சான்று இல்லையென்றால் அதன் பதிவே செல்லாததாகக் கருதப்படும். எட்டு ஆண்டு வயது வரை இந்தச் சான்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். தேதியைத் தவறவிடுபவர்கள் அதிகமாகச் சிக்குவது இந்த மாற்றத்தில்தான். இரண்டு ஆண்டுக் கணக்கு மனத்தில் ஊறிப்போயிருக்க, ஒன்பதாவது ஆண்டில் சான்று ஒரே ஆண்டில் முடிந்துவிடுவதை முதலாளியும் கவனிப்பதில்லை, ஓட்டுநரும் கவனிப்பதில்லை. கதவோரத்தில் எஃப்.சி. தேதி பெரிதாக எழுதப்பட்டிருந்தாலும், தினமும் பார்க்கும் எழுத்தை யாரும் படிப்பதில்லை. தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்பது பெரிய தொகையாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் சான்று முடிந்த வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று எஃப்.சி. எந்தத் தேதி வரை இருந்தது என்பதுதான். சொந்த உபயோகக் கார் வைத்திருப்பவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகள் வரை இந்தத் தொல்லை இல்லை. அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வுக்கு உட்பட்டு ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றைப் புதுப்பித்தால் போதும்.

இந்தப் பட்டறையின் முதல் சிறப்பு, அது தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவது. தம்மிடம் ஒருமுறை வந்த வண்டிகளின் எண்ணையும் எஃப்.சி. முடியும் நாளையும் ஒரு நீள நோட்டில் மாதவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். முடிவதற்கு ஒரு மாதத்துக்கும் மேலாக இருக்கும்போதே தொலைபேசியில் அழைத்து, வண்டியை எப்போது விட முடியும் என்று கேட்கிறார்கள். சாதாரணப் பட்டறைகளில் நாம்தான் அவர்களைத் துரத்த வேண்டியிருக்கும். இங்கே நிலைமை தலைகீழ். சித்திரையில் கல்யாணச் சரக்கு ஓடும் சமயம், ஆயுத பூஜைக்கு முந்திய வாரம் போன்ற நாட்களில் வண்டியை விட முடியாது என்று சொன்னால், அதற்கேற்ப முன்னால் இழுத்துக்கொள்கிறார்களே தவிரப் பின்னால் தள்ளுவதில்லை.

வண்டி உள்ளே வருவதற்கு முன்பு காகிதங்களைக் கேட்பது இவர்களது இன்னொரு நல்ல பழக்கம். காப்பீடு, புகைச் சான்று, பசுமை வரி கட்டிய ரசீது, நிலுவையில் அபராதச் சலான் ஏதேனும் இருக்கிறதா என்ற விவரம் ஆகிய அனைத்தையும் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுச் சரிபார்த்த பிறகுதான் வேலைக்கு நாள் குறிக்கிறார்கள். எங்கள் வண்டியின் பெயரில் எப்போதோ விழுந்திருந்த ஒரு சலான் இப்படித்தான் வெளியே வந்தது. பெயிண்ட் அடித்து முடித்த பின்பு இதைக் கண்டுபிடித்திருந்தால், ஓடவும் முடியாமல் ஆய்வுக்குக் காட்டவும் முடியாமல் வண்டி பட்டறையிலேயே நின்றிருக்கும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டி என்பதால் பர்மிட் கவலை எங்களுக்கு இல்லை. பெரிய வண்டிக்காரர்களிடம் அதையும் கேட்கிறார்கள்.

இனி வேலையின் தரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பட்டறைக்குப் பட்டறை வித்தியாசம் தெரிவது இங்கேதான். நம் ஊர்களில் எஃப்.சி. வேலை என்றாலே பட்டி வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆய்வு நாளன்று மாப்பிள்ளை போல மினுங்கும் வண்டியின் பின்சக்கர பிரேக் டிரம்மை எவரும் கழற்றியே பார்த்திருக்க மாட்டார்கள். இந்தப் பட்டறையில் முறை வேறு. வண்டி வந்ததும் நான்கு சக்கரங்களும் இறங்குகின்றன. பின்னால் டிரம், அதை உரசி வண்டியை நிறுத்தும் லைனிங், வீல் சிலிண்டர், முன்னால் டிஸ்க் பேட், பிறகு கைபிரேக் கேபிள் என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். அடுத்து கிங் பின்னின் தேய்மானம், ஸ்டீரிங்கில் உள்ள ஆட்டம், ஸ்பிரிங் பட்டைகளில் விரிசல், யு போல்ட்டின் இறுக்கம். அதற்கும் பிறகுதான் பாடி வேலை. தலைமை மெக்கானிக்கிடம் இந்த வரிசையைப் பற்றிக் கேட்டபோது, "பெயிண்டப் பார்த்து வண்டி நிக்காதுங்க, லைனிங்கப் பார்த்துத்தான் நிக்கும்" என்றார். எங்கள் வண்டியில் ஒரு பக்கத்து வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் முழுவதும் எண்ணெய் ஏறியிருந்தது. பிரேக் ஒரு பக்கமாக இழுப்பதாக ஓட்டுநர் சில மாதங்களாகவே முணுமுணுத்ததற்குக் காரணம் அதுதான். அந்தப் பாகத்தை மாற்றுவதற்கு முன்பு என்னை வரச் சொல்லி, கழற்றிய நிலையிலேயே காட்டினார்கள்.

பாடி வேலையிலும் அவர்கள் அதிக நேரம் செலவிட்டது தளத்தகட்டில்தான். சரக்கு வண்டியில் துருப்பிடித்த ஓட்டைக்கு மேல் ஒரு தகட்டைப் போட்டு மூடிப் பெயிண்ட் அடித்துவிட்டால் மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இவர்கள் துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வெல்டிங் வைக்கிறார்கள். இந்த இடத்தில் 2012 ஜூலை மாதத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தமிழ்நாடு அரசு தனிச் சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. பள்ளி வேன் வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்ட பட்டறையைத் தேடிப் போவது நல்லது. துணிப் பேல் ஏற்றும் வண்டிக்குத் தளம் எப்படி இருந்தால் என்ன என்று நாம் நினைக்கலாம், ஆனால் அதே வண்டியில்தான் சுமை தூக்குபவர்களும் ஏறி நிற்கிறார்கள்.

டயர் விஷயத்தில் பட்டறைக்காரர் சற்றுக் கறாரானவர். ஆய்வு நாளுக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு மாட்டி, சான்று கைக்கு வந்ததும் பழைய டயரைத் திரும்ப மாட்டிக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் இருப்பது வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்து தர முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார். டயரில் உள்ள பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதை மாற்றியாக வேண்டும். பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சிறிய மேடு டயரின் மேற்பரப்போடு சமமாகிவிட்டதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும் என்று எங்கள் ஓட்டுநருக்கும் காட்டிக்கொடுத்தார். இதனால் ஒரு வாடிக்கையாளர் சண்டை போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பி எடுத்துச் சென்றதை நானே பார்த்தேன்.

சிறு வேலைகள் எல்லாம் குறையின்றி நடந்தன. முன்னால் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்னால் சிவப்பு என ஒளிரும் பட்டைகளை அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாகப் பார்த்து ஒட்டினார்கள். முதலுதவிப் பெட்டியில் காலாவதியானவற்றை மாற்றினார்கள். 2015 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான சரக்கு வண்டி என்பதால் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் தடுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எங்கள் வண்டியில் உண்டு. அதன் சீல் உடையாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்கள்.

ஆய்வு நாளன்று பட்டறையிலிருந்து ஒருவர் வண்டியுடன் வருகிறார். பழைய ஓட்டுநர்கள் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரதியைச் சரிபார்த்து, விளக்குகளையும் பிரேக்கையும் சோதித்து, கேள்விகள் கேட்டு முடித்தார். எங்கள் வண்டிக்கு அன்றே வேலை முடிந்தது. இதில் நான் பாராட்ட விரும்புவது பணக் கணக்கை. "ஆபீஸ் செலவு" என்ற பெயரில் ஒரு மொத்தத் தொகையைச் சேர்த்து வாங்கும் வழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. அந்தத் தொகை யாரிடம் போகிறது என்பதை எவரும் விளக்குவதில்லை. இந்தப் பட்டறையின் மதிப்பீட்டில் அப்படி ஒரு வரியே இல்லை. அரசுக் கட்டணத்தை நாமே ஆன்லைனில் கட்டி ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

குறைகளும் உண்டு. வேலைக் கூலிக்கு இவர்கள் தரும் பில், ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதியது. பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. பில் கிடைத்தது, ஆனால் தகட்டு வேலைக்கான டிங்கர் கூலி எவ்வளவு, பெயிண்ட் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்டபோது வாய்வார்த்தையாகவே பதில் வந்தது. வியாபாரக் கணக்கு எழுதுபவர்களுக்கு இது சங்கடம். எலக்ட்ரிக்கல் வேலைக்குச் சொந்த ஆள் இல்லாததால், வெளியிலிருந்து வரும் எலக்ட்ரீஷியன் நேரம் கிடைக்கும்போதுதான் ஹெட்லைட் வேலை நடக்கிறது. எங்கள் வண்டி எதிர்பார்த்ததைவிட அதிக நாள் அங்கே நின்றதற்கு இதுவே காரணம்; இத்தனை முன்கூட்டியே விட்டதால்தான் தேதி பாதிக்கப்படவில்லை. பெயிண்ட் வேலை சுமார்தான் என்று சொல்ல வேண்டும். நிறம் சில இடங்களில் திட்டுத்திட்டாகத் தெரிகிறது, கதவு ஓரத்தில் மறைப்புத் தாள் ஒட்டாமலே அடித்திருக்கிறார்கள். பிரேக்கில் காட்டிய அக்கறையில் பாதியை இதிலும் காட்டியிருக்கலாம் என்று தோன்றியது; ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் எதை எடுப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காத்திருப்பவர்கள் உட்காரப் புளியமரத்தடியில் இரண்டு பழைய லாரி சீட்டுகள் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

மொத்தச் செலவு, ஒரு ஜோடி டயரைச் சேர்க்காமல், இருபதாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. சுற்றுவட்டாரத்தில் விசாரித்த வகையில், பெயிண்ட்டை மட்டும் பார்க்கும் பட்டறைகள் இதைவிடக் குறைவாகவே கேட்கின்றன. கூடுதலாகக் கொடுத்தது பிரேக் பாகங்களுக்கும் தளத்தகட்டுக்கும் போனது என்பதால் எனக்கு வருத்தமில்லை. இன்னொரு கணக்கும் இருக்கிறது. தகுதிச் சோதனையை இயந்திரங்களைக் கொண்டு செய்யும் தானியங்கி நிலையங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2021-இல் அறிவித்தது. கட்டாயமாக்கும் தேதி பலமுறை தள்ளிப்போனாலும், அந்த நிலையங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பிரேக்கின் பிடிப்பையும் ஹெட்லைட்டின் கோணத்தையும் உருளைகளும் கருவிகளும் அளக்கும்போது, புதுப் பெயிண்ட் எந்த உதவியும் செய்யாது. அந்த நாளுக்குப் பழகிக்கொண்டிருக்கும் பட்டறை இது என்பது என் எண்ணம்.

குட்டி யானை, பொலிரோ பிக்கப், பள்ளி வேன், ஆட்டோ வைத்திருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட பட்டறையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பத்துச் சக்கர லாரிகளை இவர்கள் எடுப்பதில்லை. அதற்குச் சங்ககிரிக்கோ நாமக்கல்லுக்கோ போவதே சரி, அங்கே பெரிய பாடிகளுக்கென்றே பழகிய கைகள் ஏராளம். இங்கே வண்டி விடுவதாக இருந்தால் பிப்ரவரி, மார்ச் மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. அது முடியாதவர்கள் பொங்கல் கழிந்ததுமே தொலைபேசியில் சொல்லி நோட்டில் இடம்பிடித்துக்கொள்ள வேண்டும். கூலியைப் பிரித்து எழுதித் தரும்படி வண்டியை விடும்போதே கேட்டுவிடுங்கள்; வேலை முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது.