பேரங்காடியா, பழைய சந்தையா?

மலேசியாவில் உள்ள எங்கள் தோட்டப்புற நகரில் நகராண்மைக் கழகத்தின் பரிசீலனையில் இரண்டு திட்டங்கள்: நெடுஞ்சாலையோரம் புதிய பேரங்காடி, அல்லது பஸ் நிலையத்தை ஒட்டிய பழைய சந்தையைச் சீரமைப்பது.

பேரங்காடியில் குளிர்சாதன வசதியும் இளையோருக்கு வேலையும் உண்டு. ஆனால், தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் பாட்டி அந்த நெடுஞ்சாலையை எப்படிக் கடப்பார்? சந்தையிலோ, இறங்கியதும் மல்லிகைச் சரமும் முருங்கைக்கீரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பழகிய மளிகைக்கடைக்காரர் சம்பள நாள்வரை கணக்கில் எழுதிக்கொள்வார். பேரங்காடிக் கல்லாவில் அது நடக்காது. சந்தையின் குறை சாக்கடையும் நெரிசலும். அவை சரிசெய்யக்கூடியவை. நான் சந்தையின் பக்கம்தான்.

1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டம் (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என வகுக்கும் ஆவணம்) இல்லாத பகுதியில் அண்டை நில உரிமையாளர்கள், கட்டுமான விண்ணப்பம் பற்றிய அறிவிப்பு கிடைத்த 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அறிவிப்பு வந்தால், உடனே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.