விசைப்படகு எஞ்சினுக்கு ஆயில் ஃபில்டர்: கம்பெனிப் பெட்டியா, மாற்று பிராண்டா, லாரிக்கடைச் சரக்கா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். பெரிய செலவுகளுக்கு நடுவே இந்தச் சின்னக் கேள்வியும் வரும்: ஆயில் ஃபில்டரை எஞ்சின் கம்பெனியின் பெட்டியிலேயே வாங்குவதா, இல்லை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் மாற்றே போதுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரண்டி முடிந்த எஞ்சினுக்கு, பேர் தெரிந்த ஃபில்டர் கம்பெனியின் மாற்று தாராளமாகப் போதும். ஆனால் அதை நம்பர் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பழைய ஃபில்டரைக் கையில் பிடித்துக்கொண்டு "இதே சைஸ்ல ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கக் கூடாது.

முதலில் கம்பெனிப் பெட்டி. எஞ்சின் தயாரிப்பவர்களில் பெரும்பாலோர் ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை. ஃபில்டர் கம்பெனியிடம் தங்கள் அளவுகளைக் கொடுத்து வாங்கி, தங்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு காகிதத்துக்கோ தகரத்துக்கோ அல்ல. இது இந்த எஞ்சினுக்குப் பொருந்தும் என்று யாரோ பொறுப்பேற்றிருக்கிறார்களே, அதற்கு. வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் வேறு யோசனையே வேண்டாம், இதையே வாங்கி பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஒரு சங்கடம், போலி அடிப்பவர்கள் அதிகம் குறிவைப்பதும் இந்த மாதிரிப் பெட்டிகளைத்தான். அசோக் லேலண்டின் ஸ்பேர் பிராண்டான லேபார்ட்ஸ் ஆகட்டும், வேறு எதுவாகட்டும், அங்கீகரிக்கப்பட்ட டீலரைத் தாண்டி "பாதி விலையில் ஒரிஜினல்" என்று யாராவது நீட்டினால் விலகிவிடுவது நல்லது.

அடுத்தது ஃபில்டர் கம்பெனிகளின் சொந்த பிராண்டு: ஃபிளீட்கார்டு, மான், டொனால்ட்சன், பாஷ், எலோஃபிக் போன்றவை. இவர்களின் கேட்டலாக்கில் எஞ்சின் மாடலைப் போட்டால் ஃபில்டர் எண் வரும். மான் மாதிரி சிலர் மறையளவு (ஃபில்டரைத் திருகும் திரெட்டின் அளவு), கேஸ்கெட்டின் விட்டம், உயரம், பைபாஸ் வால்வு (ஃபில்டர் அடைத்தால் ஆயிலுக்கு மாற்று வழி விடுவது) திறக்கும் பிரஷர் வரை அச்சடித்திருப்பார்கள். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. "இந்த எண்ணுக்குச் சமம் அந்த எண்" என்று பட்டியல் விட்டுப் பட்டியல் தாவிக்கொண்டே போகாதீர்கள். இரண்டு மூன்று தாவலில் உயரம் மாறியிருக்கும், வால்வு மாறியிருக்கும். ஒவ்வொரு முறையும் எஞ்சின் மாடலிலிருந்தே தேடத் தொடங்குங்கள்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது: லாரிக்கடையில் சைஸ் பார்த்து வாங்குவது. இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. நம் விசைப்படகுகளில் ஓடும் டீசல் எஞ்சின்களில் பலவும் லாரி எஞ்சினின் கடல் வடிவம்தான். பிளாக் ஒன்று, கிராங்க் ஒன்று, ஃபில்டர் மட்டும் வேறாகவா இருக்கப்போகிறது என்பது நியாயமான கேள்வி. பல சமயம் ஒன்றாகவே இருக்கும். ஆனால் படகில் இறக்கும்போது இடம் போதாமல் ஃபில்டர் தலையை, அதாவது ஃபில்டர் திருகப்படும் பகுதியை, தனியாகக் கழற்றி ஹோஸ் போட்டு வேறு இடத்தில் மாட்டியிருப்பார்கள். அந்தத் தலை வேறு எஞ்சினுக்கானதாகக்கூட இருக்கலாம். அப்போது லாரியின் எண் உதவாது.

மறையை எடுத்துக்கொள்வோம். பல ஜப்பானிய சிறு எஞ்சின்களில் எம்20×1.5 மறை, அதாவது 20 மில்லிமீட்டர் விட்டம், திரெட்டுக்குத் திரெட் 1.5 மில்லிமீட்டர். அமெரிக்க வழி எஞ்சின்கள் பலவற்றில் முக்கால் இன்ச், இன்ச்சுக்கு 16 திரெட். ஃபோர்டின் பிரபலமான எஃப்எல்-1ஏ இந்த வகை. முக்கால் இன்ச் என்றால் 19.05 மில்லிமீட்டர். எம்20 ஃபில்டரை அந்த முக்கால் இன்ச் ஸ்டட்டில் (ஃபில்டர் ஏறும் மறைத்தண்டு) திருகினால் ஏறும். கொஞ்சம் லொடலொடவென்று இருக்கும், கேஸ்கெட் உட்கார்ந்ததும் இறுகிய மாதிரியும் தெரியும். ஆனால் திரெட்டின் நுனி மட்டும்தான் கவ்வியிருக்கும். ஆயில் பிரஷர் ஏறும்போது கரையிலேயே தெறித்தால் அதிர்ஷ்டம். நடுக்கடலில் தெறித்தால் சம்ப்பில் (எஞ்சினின் அடித்தொட்டி) இருக்கும் ஆயில் முழுக்கத் தளத்தில் கிடக்கும்.

மறை சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டர் அடைத்தாலோ குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ பேரிங் பட்டினி கிடக்காமல் இருக்க, பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலை விடும். சில ஃபில்டரில் அது 1 பார் அளவில் திறக்கும், சிலதில் 2.5 பாருக்குத்தான். சில எஞ்சின்களில் இந்த வால்வு எஞ்சினிலேயே இருக்கும், ஃபில்டரில் இருக்காது. இப்போது 2.5 பார் வேண்டிய இடத்தில் 1 பார் டப்பாவை மாட்டினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாத மாதிரியே இருக்கும். மீட்டரில் பிரஷர் ஒழுங்காகக் காட்டும். ஆனால் நிறைய நேரம் அழுக்கு ஆயில்தான் பேரிங்குக்குப் போய்க்கொண்டிருக்கும். எஞ்சினிலும் வால்வு இல்லை, வாங்கிய ஃபில்டரிலும் இல்லை என்றால் அது இன்னும் மோசம்.

கம்மின்ஸ் எஞ்சின்களுக்கு வரும் ஃபிளீட்கார்டு எல்எஃப் 9009 இன்னொரு உதாரணம். ஒரே டப்பாவுக்குள் முழு ஓட்டத்தையும் வடிகட்டும் பகுதி ஒன்று, கொஞ்சம் ஆயிலை மட்டும் எடுத்து மிக நுணுக்கமாக வடிகட்டும் பகுதி ஒன்று என இரண்டு உண்டு. வெளித்தோற்றம் மட்டும் ஒத்துப்போகும் ஒற்றை ஃபில்டரை அங்கே மாட்டினால் பாதி வேலை நின்றுபோகும், யாருக்கும் தெரியாது.

சரி, நுணுக்கம் என்றதும் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பேச்சு வரும். பெட்டியில் "20 மைக்ரான்" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. 20 மைக்ரான் துகளில் பாதியைப் பிடித்தாலும் அப்படிப் போடலாம், நூற்றுக்கு 98.7 பிடித்தாலும் போடலாம். முன்னதை பீட்டா 2 என்பார்கள், பின்னதை பீட்டா 75. ஐஎஸ்ஓ 4548-12 சோதனைப்படி எவ்வளவு என்று சொல்லும் கம்பெனியை நம்பலாம்.

ஃபில்டருக்குள் வடிகட்டுவது காகிதமா, கண்ணாடி இழையா? கடலில் இந்தக் கேள்விக்குப் பதில் சாலையில் இருப்பது போல இல்லை. லாரிக்குத் தூசி எதிரி. கடல் காற்றில் அது குறைவு. அங்கே கரிப்புகையும் தண்ணீரும்தான் தொல்லை. ஆயிலை நீரால் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஒழுகி நீர் கலந்தால் காகிதம் ஊறி உப்பி அடைத்துக்கொள்ளும், கண்ணாடி இழை அவ்வளவு சீக்கிரம் அடைக்காது. ஆனாலும் இரண்டுமே தண்ணீரைப் பிரிக்காது, ஆயில் பால் நிறமானால் பார்க்க வேண்டியது கூலரை. கையேடு 250 மணி என்று சொல்லி, தங்கல் போகும் (பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும்) படகில் எஞ்சின் தினம் 20 மணி ஓடினால், பதிமூன்று நாளில் ஃபில்டர் மாற்றும் நேரம் வந்துவிடும். அப்படி அடிக்கடி மாற்றுபவருக்கு நல்ல காகித ஃபில்டரே போதும் என்பது என் கணக்கு. விலை கூடிய கண்ணாடி இழையை வாங்கிவிட்டு 500 மணி இழுப்பதைவிட அது மேல். ஃபில்டர் தாங்கினாலும் ஆயில் தாங்காது.

கடலுக்கென்று நான் கூடுதலாகப் பார்ப்பது டப்பாவின் பெயின்ட். அடித்தளத்தில் தேங்கும் உப்புநீர் தெறித்துத் தெறித்து மெல்லிய தகரம் துருவில் ஊசித்துளை விழும். கடல் எஞ்சின் கம்பெனிகள் சில இதற்காகவே கெட்டியான பூச்சுடன் விற்கின்றன. லாரி ஃபில்டரில் அந்தப் பூச்சை எதிர்பார்க்க முடியாது. மாட்டிய பிறகு வெளியே மெல்லிசாக கிரீஸ் தடவிவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார்காரர்களுக்கு இவ்வளவு குழப்பம் இல்லை. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் ஃபில்டரே கிடையாது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் யமஹாவின் 5ஜிஎச்-13440 வரிசை ஃபில்டர் அவர்களின் எஃப்115 மோட்டாரிலும் உண்டு, பைக்குகளிலும் உண்டு. அதனால் பைக் ஃபில்டர் கம்பெனிகளின் மாற்று எளிதாகக் கிடைக்கும். எஃப்150க்கு 69ஜே வரிசை, அது வேறு.

பேரே தெரியாத மலிவுச் சரக்கைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு ஊற்றும் ஆயிலின் விலையை ஃபில்டர் விலையோடு வைத்துப் பாருங்கள், மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை என்று தெரியும். எலிமெண்ட்டை (வடிகட்டும் உள்பகுதி) டீசலில் கழுவித் திரும்பப் போடுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

பிராண்டு மாற்றிப் பார்க்க விரும்பினால், ஒரே அளவு மணி நேரம் ஓடிய இரண்டு பிராண்டையும் அறுத்துப் பாருங்கள். ஹேக்ஸா வேண்டாம், இரும்புத்தூள் விழுந்து எது எஞ்சினிலிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும்; ஃபில்டர் கட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். மடிப்புகள் சீராக நிற்கின்றனவா, ஒட்டிய ஓரம் பிரிந்திருக்கிறதா, பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் விறைத்துவிட்டதா என்று பாருங்கள். மடிப்பை விரித்து வெயிலில் பிடித்தால் மின்னும் துகள் தெரியும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மஞ்சளாகவோ வெள்ளியாகவோ மின்னினால் பேரிங் தேய்வதாக இருக்கலாம், அப்போது ஃபில்டர் பிராண்டை விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.