பிரேக் கட்டையும் பாறைப்பொடியும்

மார்த்தாண்டத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் ரோடு சைக்கிள் வாங்கப் போகிறார். அவர் பார்த்து வைத்திருந்த டிஸ்க் பிரேக் (சக்கரத்தின் நடுவில் உள்ள தட்டைப் பிடிப்பது) வண்டியின் விலை இறங்கியிருக்கிறது. இன்னொரு பக்கம், அதில் பாதி விலைக்குப் பழைய ரிம் பிரேக் (சக்கரத்தின் வெளி வளையமான ரிம்மையே கட்டை பிடிப்பது) வண்டி ஒன்றும் நல்ல நிலையில் கிடைக்கிறது. "நீங்கள் இத்தனை வருடமாக ரிம் பிரேக்கில்தானே ஓட்டுகிறீர்கள், அண்ணா? நம் ஊர் மழையில் நிற்குமா?" என்று கேட்டார். நிற்கும். ஆனால் கம்பெனி கொடுத்தபடியே வைத்திருந்தால் நிற்காது.

என்னுடையது அலுமினியச் சட்டம், டூயல் பிவட் காலிப்பர் (கட்டைகளை ரிம்மோடு அழுத்தும் கவ்வி), 25 மில்லிமீட்டர் டயர். நாகர்கோவிலிலிருந்து முட்டம், குளச்சல் என்று கடலோரமாகவும், பூதப்பாண்டி வழியே கீரிப்பாறைக்கும் ஓட்டுகிறேன். கியரிலும் சீட்டிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேச வேண்டியதெல்லாம் பிரேக்கைப் பற்றித்தான்.

முதலில் கட்டை. வண்டியோடு வந்தது ஒரே வார்ப்பில் செய்த கெட்டி ரப்பர். காய்ந்த சமவெளியில் அதன் குறை தெரியாது. கீரிப்பாறையிலிருந்து தடிக்காரன்கோணத்துக்கு மழையில் இறங்கும்போது தெரியும். லிவரை ஹேண்டில்பார் வரைக்கும் இறுக்கிப் பிடித்தும் வேகம் குறையாது. வளைவோ நெருங்கிக்கொண்டே இருக்கும். ஈர ரிம்மில் கட்டையின் முதல் வேலை தண்ணீரை வழிப்பது. அதன் பிறகுதான் பிடிப்பு. நல்ல கட்டை சீக்கிரம் வழித்துவிடும். இந்தக் கெட்டி ரப்பர் வழித்துக்கொண்டே இருக்கும். பெயிண்ட்டுக்கும் ஸ்டிக்கருக்கும் செலவு செய்த கம்பெனி, உயிரைக் காக்கும் நாலு துண்டு ரப்பரில் மிச்சம் பிடித்திருக்கிறது. இதை எத்தனை முறை நினைத்தாலும் கோபம் தணிவதில்லை.

கட்டை மட்டும் தனியாகக் கழன்று வரும் கார்ட்ரிட்ஜ் வகைக்கு மாறினேன். ஈரத்துக்கென்றே பெயர்பெற்ற கூல்-ஸ்டாப் கம்பெனியின் சால்மன் நிறக் கட்டையைப் போட்டேன். வித்தியாசம் முதல் இறக்கத்திலேயே கைக்குத் தெரிந்தது. பொருத்தும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். கட்டை ரிம்மின் விளிம்புக்குச் சற்றுக் கீழே உட்கார வேண்டும். டயரை உரசினால் பக்கச்சுவர் அறுந்துவிடும். பிறகு, கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொடும்படி பின்முனையில் இம்மியளவு இடைவெளி விட வேண்டும். பின்முனையில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, லிவரைப் பிடித்தபடி போல்ட்டை முறுக்கினால் போதும். கிறீச்சிடும் சத்தம் பெரும்பாலும் இதிலேயே போய்விடும். ரிம்மை அவ்வப்போது ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். சர்வீஸ் கடையில் செயினுக்கு எண்ணெய் அடிக்கும்போது ரிம்மில் தெறிக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஆனால் பாதிப் பிடிப்பு கட்டையில் இருந்தால் மீதிப் பாதி ஒயரில் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் வடசேரியில் பழைய சைக்கிள் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. பின் பிரேக் மட்டும் ஏன் இன்னும் தொய்வாக அமுங்குகிறது என்று கேட்டதற்கு, "மக்கா, கட்டையைப் பழி சொல்லாதே. முதலில் ஒயரைக் கழற்றிப் பார்ப்போம்" என்றார். கழற்றினால், உள்ளே துரு. முட்டத்து உப்புக்காற்று செய்த வேலை அது; எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வெளியே இருந்தது. நான் முன்பு சர்வீஸுக்கு விட்ட ஒரு பெரிய கடையில் பின் பிரேக்குக்குக் கியர் அவுட்டரை, அதாவது கியர் ஒயர் ஓடும் வெளிக்குழாயை, போட்டு அனுப்பியிருந்தார்கள்.

இது சின்னத் தவறு அல்ல. பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். பொதுவாக 5 மில்லிமீட்டர் பருமன். சாதாரணக் கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது மேலுறை பிளாஸ்டிக் மட்டுமே. அவசரத்துக்கு பிரேக்கை முழு பலத்தோடு பிடித்தால் அது பிளந்துகொள்ளக்கூடும். எப்போது பிரேக் மிகவும் தேவையோ அப்போதுதான் கைவிடும். இதை அறியாத கடைக்கு சைக்கிளைத் தொட உரிமை இல்லை என்பேன்.

அண்ணாச்சி புது பிரேக் அவுட்டரை அளவெடுத்து வெட்டினார். வெட்டிய முனையை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தினார். நசுங்கிய உட்குழாயை ஊசியால் திறந்துவிட்டார். பிறகுதான் தொப்பியை மாட்டினார். முனை கோணலாக இருந்தால் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் அந்த இடம் அமுங்கிக்கொடுக்கும். விரலின் பலம் காலிப்பருக்குப் போய்ச் சேராது. உள்ளே துருப்பிடிக்காத எஃகு ஒயர். அதுவரை நான்கு விரலும் கேட்ட லிவருக்கு அதன்பின் இரண்டு விரல் போதுமாக இருந்தது. ஆரல்வாய்மொழிக் காற்று முதுகில் தள்ளும் நாட்களில் முன் பிரேக்கை மெல்ல அழுத்தினால் வண்டி நினைத்த இடத்தில் வந்து நிற்கிறது. இந்தச் சுகத்துக்காகவே இன்னொரு வண்டியை நான் தேடவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, தீராத எரிச்சலையும் சொல்ல வேண்டும். மழையில் ரிம்மிலிருந்து வரும் அந்தக் கரகரப்பு! பாறைப்பொடியும் எம் சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் வழியெல்லாம் சிந்திவிட்டுப் போகின்றன. மழை பெய்ததும் அது டயரோடு ஏறி ரிம்முக்கும் கட்டைக்கும் நடுவில் புகுந்துகொள்கிறது. சீவப்பட்ட அலுமினியத் துணுக்குகள் கட்டையில் பதிந்துவிட்டால் அப்புறம் கட்டையே அரம்தான். ஒவ்வொரு மழைச் சவாரிக்குப் பிறகும் கட்டையைக் கழற்றி, பளபளக்கும் துணுக்குகளை ஊசியால் தோண்டி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து மாட்டுகிறேன். அடுத்த மழையில் மீண்டும் அதே சத்தம். எந்தக் கட்டை போட்டும் இதற்கு முழு விடிவு கிடைக்கவில்லை.

நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் ஒரு சீசனோடு தப்பித்துவிடுகிறார்கள். நம் ரிம்களுக்கு ஓய்வே இல்லை. என் முன்சக்கர ரிம்மில் தேய்மானத்தைக் காட்டும் பள்ளம் இப்போது மறைந்தே போய்விட்டது. அடிஸ்கேலை வைத்துப் பார்த்தால் பக்கச்சுவர் உள்வாங்கியிருக்கிறது. அப்படி மெலிந்த ரிம் டயரின் காற்றழுத்தம் தாங்காமல் பிளக்கலாம். அதில் இனி இறக்கம் இறங்குவது முட்டாள்தனம்.

டிஸ்க்கிலும் இந்தப் பொடி புகும், கட்டையும் தேயும். ஆனால் அங்கே தேய்வது கட்டையும் தட்டும், சக்கரம் பிழைத்துவிடும். அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் ஓட்டுபவர் என்றால், மழை அங்கே குறைவு, ரிம் பிரேக்கே போதும் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். நண்பரின் மார்த்தாண்டம் இருப்பதோ விளவங்கோடு வட்டத்தில். தினமும் போய்வரப் போவது குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைப் பக்கம், மழையும் லாரியும் சேர்ந்த பாதை. அதனால், பழைய வண்டி பாதி விலை என்றாலும் வேண்டாம், டிஸ்க் பிரேக்கே வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அப்படியென்றால் உங்கள் வண்டியையும் கொடுத்துவிடுவீர்களா என்று கேட்டார். கொடுக்க மாட்டேன். புது ரிம்முக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் பழைய ஹப்பிலேயே கம்பி கோர்த்துக் கோட்டம் எடுத்துத் தருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.