பொட்டு வைத்த இடத்தில் வெள்ளை: கேமஃப்ளாஜ் கிரீமோடு சில வருஷங்கள்

தோலில் வெளுத்த இடத்தை மறைக்கப் பூசுகிற கேமஃப்ளாஜ் கிரீம் வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பேன். ஆனால் சேலம் வெயிலில் அது என்ன ஆகும், அதைப் பூசிக்கொண்டு நாலு பேர் நடுவில் நிற்கும்போது மனசு என்ன பாடுபடும் என்பதையெல்லாம் கடையில் யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு நெற்றியில் வெள்ளை விழுந்தது ஸ்டிக்கர் பொட்டால். முதலில் அரிப்பு, அப்புறம் லேசான சிவப்பு, கடைசியில் பொட்டின் வட்டத்துக்கே அச்செடுத்த மாதிரி வெளுத்துவிட்டது. தோல் டாக்டர் அறை விளக்கை அணைத்து, ஊதா வெளிச்சம் தரும் வுட்ஸ் லேம்பை நெற்றிக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். “பசைதாம்மா காரணம்” என்றார். சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் இருக்கும். தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனோசைட் செல்களை அது அழித்துவிடும். எல்லாருக்கும் வராது, சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. ஒட்டுவதை நிறுத்தியதும் பலருக்கு நிறம் திரும்பிவிடுமாம். எனக்கு டாக்ரோலிமஸ் களிம்பு தடவியதில் ஓரங்கள் நிறம் பிடித்தன, நடுப்பகுதி அப்படியே நின்றுவிட்டது.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடையில் கவுண்டரில் நிற்பது என் வேலை. வருகிறவர்கள் கொலுசைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் நேராகக் கண்ணில் படுவது என் நெற்றி. “என்ன கண்ணு, சுட்டுக்கிட்டியா?” என்று உரிமையோடு கேட்பவர்களிடம் எனக்கு வருத்தமே கிடையாது. இது தொற்றுவது இல்லை, தொட்டால் ஒட்டாது என்று தெரியாமல் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட ஒரு அம்மாவின் கைதான் பல நாள் தூங்கவிடவில்லை.

சாதாரண ஃபவுண்டேஷன் இதற்கு உதவவே உதவாது. வெள்ளையின் மேல் பூசினால் சாம்பல் நிறத்தில் தெரியும். கேமஃப்ளாஜ் கிரீமில் நிறமி பல மடங்கு அடர்த்தி. 1945-ல் பெர்லினில் தொடங்கிய கிரையோலான், மேடை நடிகர்களுக்கான மேக்கப் பொருட்கள் செய்கிற கம்பெனி. அவர்களுடைய டெர்மாகலர் வரிசை இந்த மாதிரித் தழும்பு, வெண்புள்ளிக்கு என்றே இருக்கிறது. கல்யாண மேக்கப் போடும் ஒரு அக்கா மூலம் அது எனக்குக் கிடைத்தது. மாநிறத்துக்கு ஒரே ஷேடு அமையாது, இரண்டைக் கலக்க வேண்டும். அதையும் கடையின் டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நெற்றி ஓரத்தில் தடவிக்கொண்டு தெருவுக்கு வந்து கண்ணாடி பாருங்கள்.

பூசும் முறை இதுதான். மோதிர விரல் நுனியில் அரிசியளவு எடுத்து உடம்புச் சூட்டில் இளக்கி, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வைக்க வேண்டும். நடுவில் அடர்த்தியாகவும், ஓரத்தில் ஒன்றுமே இல்லாத அளவு மெலிசாகவும் வர வேண்டும். அதன் மேல், கிரீம் கலையாமல் பிடித்து வைக்கிற ஃபிக்சிங் பவுடரைக் கோலமாவு கொட்டின மாதிரி தாராளமாக அப்பி, பத்து நிமிஷம் விட்டு, பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தைச் சுருக்கினால் மத்தியானம் தாங்காது. ராத்திரி தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் மெதுவாக எடுக்க வேண்டும். வெண்புள்ளி வரும் உடம்பு என்றால், தோலை அழுத்தித் தேய்க்கிற இடத்தில் புதிதாக வெளுக்கவும் வாய்ப்புண்டு.

சித்திரை, வைகாசியில் சேலத்தில் எந்த மேக்கப்பும் திண்டாடும். இது ஏசி கடைக்குள் சாயங்காலம் வரை நிற்கும், சின்னக்கடை வீதிக் கூட்டத்தில் நடந்தால் ஓரம் கரையும். ஆடிப் பண்டிகையில் கோட்டை மாரியம்மனுக்கு வரிசையில் நின்றபோது, பூசாரி கட்டைவிரலால் திருநீறு இழுத்ததில் கிரீமும் சேர்ந்து வந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. பக்கத்தில் நின்ற பாட்டி ஒரு பார்வை பார்த்தார், சாமிக்குக் கை கூப்பினார், அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் என்னையே நான் கவனித்தேன். கிரீம் போட்ட நாளில் என் கை ஓயாமல் நெற்றிக்குப் போகிறது. எதிரே இருப்பவர் கண்ணை அரை விநாடி உயர்த்தினாலும் கரைந்துவிட்டதோ என்ற பதற்றம். போடாத நாளில் ஒருமுறை பார்ப்பார்கள், கேட்டால் சொல்வேன், பேச்சு கொலுசுக்குப் போய்விடும். கிரீம் வெள்ளையை நன்றாகவே மறைத்தது, என் பயத்தை மட்டும் அதனால் மறைக்க முடியவில்லை. அதற்காக மேக்கப்பைப் பொய் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. நாத்தனார் கல்யாணத்தில் கேள்வியே இல்லாமல் ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு இருந்தேன். அந்த நாளை எனக்குக் கொடுத்தது இந்த டப்பா. இப்போது எந்த நாளில் போடுவது என்பதை நான் முடிவு செய்கிறேன். கடைக்குப் பெரும்பாலும் வெறும் நெற்றியோடுதான் போகிறேன்.

விடாமல் போடுவது சன்ஸ்கிரீன் ஒன்றைத்தான். வெளுத்த இடத்தில் மெலனின் என்ற நிறமி இல்லை, பத்து நிமிஷ வெயிலில் சிவந்துவிடும். சன்ஸ்கிரீன் டப்பாவில் எஸ்பிஎஃப் என்று போட்டிருப்பது அது தரும் பாதுகாப்பின் அளவு. எஸ்பிஎஃப் 30 சரியான அளவு பூசினால், தோலைச் சிவக்க வைக்கிற புற ஊதா பி கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் குளிருதே என்று இதை விட்டுவிடுகிறார்கள். மலை மேல் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும், மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது. ஏரிக்கரையில் மூட்டமான ஒரு காலையில் நின்றதற்கே என் நெற்றி எரிந்தது. நிறம் கலந்த சன்ஸ்கிரீன் நம் தோலில் வெளிறித் தெரியாது, அதையே வாங்குங்கள்.

“நெத்தி காலியா இருக்கக் கூடாது கண்ணு” என்று அத்தை இன்னமும் சொல்வார். அவருக்காக வகிட்டில் மட்டும் மஞ்சளில் செய்த குங்குமம் துளி வைத்துக்கொள்கிறேன். சாயம் கலந்த குங்குமம் சிலருக்குத் தோலைக் கறுக்கச் செய்யும் என்பதால் கடைக் குங்குமத்தைத் தொடுவதில்லை.

பொட்டளவு இடத்துக்குச் சின்ன டப்பாவே நிறைய நாள் வரும், பெரியது வாங்காதீர்கள். பூசுவதற்கு முன் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பாருங்கள். வீட்டில் பெண் குழந்தைக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுகிறீர்கள் என்றால், அந்த இடம் அரிக்கிறது என்று அவள் சொன்ன அன்றைக்கே எடுத்துவிட்டு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.