மின்கலத்தில் ஓடும் பட்டா வாகனம்: ஓராண்டு அனுபவம்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் மிளகாயும் அரிசியும் குரக்கனும் அரைக்கும் சிறிய ஆலை ஒன்றை நடத்துகிறேன். அரைத்தவற்றைக் கடைகளுக்குக் கொண்டுசெல்லப் பதினொரு ஆண்டுகளாக டீசல் பட்டா (சிறிய சரக்கு வாகனம்) ஒன்றையே நம்பியிருந்தேன். 2022 இல் எரிபொருளுக்காக இரவிரவாக வரிசையில் காத்துக் கிடந்து, கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறையில் கிடைத்த வாராந்தப் பங்கும் வாரத்தின் நடுவிலேயே தீர்ந்துபோக, துவிச்சக்கர வண்டிகளில் பொதி கட்டி அனுப்பிய பின்னர்தான் வேறு வழி தேடத் தொடங்கினேன். வாகன இறக்குமதித் தடை 2025 இல் நீங்கியதும், ஒரு தொன் வரை ஏற்றக்கூடிய, 40 யூனிற் (கிலோவாற் மணி) கொள்ளளவுடைய மின்கல வாகனம் ஒன்றை வாங்கினேன். இன்றுவரை சுமார் 21,000 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது.

வாங்கிய நாளில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அதே 2022 இல் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டும் இருந்ததே, அப்போது என்ன செய்வாய்? போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊரில் அந்தக் கேள்வி எழுவது நியாயமே. ஆனால் 13 மணிநேரம் மின்சாரம் இல்லாத நாளிலும் மிகுதி 11 மணிநேரம் இருக்கிறது. எனது ஒரு நாள் ஓட்டத்துக்குத் தேவையான மின்னேற்றம் மூன்று மணிநேரத்தில் முடிந்துவிடுகிறது. டீசல் வராத நாளில் அப்படியொரு மிகுதி இருக்கவில்லை.

திங்களன்று திருநெல்வேலிச் சந்தையும் பட்டணமும், செவ்வாயன்று சாவகச்சேரியும் கொடிகாமமும், புதனன்று நெல்லியடியும் பருத்தித்துறையும் என்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர் ஓடுகிறோம். விற்பனையாளர் 220 கிலோமீற்றர் ஓடும் என்றார். சுமையோடு எனக்குக் கிடைப்பது 140. சோளகக் காற்று வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் தீவகப் பக்கம் போகும்போது அதிலும் குறைகிறது. மின்னேற்றத்துக்கென்று தனி மீற்றர் ஒன்றைச் சுவரில் பூட்டி வைத்திருக்கிறேன். வாகனத்தின் திரை 18 யூனிற் செலவானதாகக் காட்டும் நாளில் அந்த மீற்றர் 20 என்று காட்டும். நாங்கள் பணம் கட்டுவது மீற்றர் காட்டும் கணக்குக்குத்தான் என்பதை வாங்க நினைப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும், முன்பு டீசலுக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே செலவாகிறது.

என்னை மிகவும் அலைக்கழித்தது மின்கலமன்று, நிலம். வாங்கி மூன்றாம் மாதம், நல்ல கோடையில், காலையில் வந்து பார்த்தால் மின்னேற்றம் 31 வீதத்தில் நின்றுபோயிருக்கும். சில இரவுகளில் தொடங்கவே மறுக்கும். விற்ற நிறுவனத்துக்கு நான்கு தடவை அறிவித்தும் வாகனத்தில் பிழையில்லை என்ற ஒரே மறுமொழிதான் வந்தது. கடைசியில் எங்கள் ஊர் மின்னிணைப்பாளர் ஒருவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். மின்னேற்றி ஒவ்வொரு தடவையும் எர்த் (நில இணைப்பு) சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலை செய்யும். எங்கள் பகுதியில் செம்மண் படைக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஆலை கட்டிய காலத்தில் அடித்த எர்த் கம்பி கல்லில் தட்டி நாலடியோடு நின்றிருந்தது. மாரியில் மண் ஈரமாக இருக்கும்வரை போதுமாயிருந்த அந்தக் கம்பி, மண் காய்ந்ததும் பயனற்றுப் போயிற்று. அரிசி கழுவும் தண்ணீர் ஓடி எந்நேரமும் ஈரமாயிருக்கும் மூலையில் இரண்டு புதிய கம்பிகளை ஆழமாக இறக்கி இணைத்தார். அன்றிலிருந்து ஓர் இரவும் தவறவில்லை. எங்கள் வலிகாமப் பகுதியில் இத்தகைய வாகனம் வாங்குபவர்கள், வாகனத்தைப் பார்க்கப் போவதற்கு முன்னர் எர்த்தைச் சோதிப்பித்துக் கொள்ளுங்கள்.

சாரதி முதல் வாரத்திலேயே வந்து முறையிட்டார்: “அண்ணை, சத்தமே இல்லாததால சந்தைக்குள்ள சனம் விலகுதில்லை. கோர்ன் அடிச்சா ஏசுதுகள்.” அதன் பின்னர் சந்தைப் பக்கம் நடைவேகத்திலேயே செலுத்துகிறார். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டரே வேகத்தைக் குறைத்து அந்த ஆற்றலை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புவதால், கடைக்குக் கடை நின்று போகும் எங்கள் ஓட்டத்தில் பிறேக் கட்டைகள் இன்னும் மாற்றப்படவில்லை. மின்கலமே 300 கிலோ அளவில் இருப்பதால், பழைய பட்டாவில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிய மேலதிக மூடைகளை இதில் ஏற்ற முடியாது. தீவக ஓட்டத்தின் உப்புக் காற்றில் மின்னேற்றும் துவாரத்தின் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்தது; அதற்கான உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வந்து சேர 23 நாள்கள் எடுத்தன. விற்பதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது உதிரிப்பாகத்திலும் காட்ட வேண்டும்.

பேருந்துகளுக்கும் இது சரிவருமா என்று பலர் கேட்கிறார்கள். மலையேற்றமே இல்லாத குடாநாட்டில் வாகனத்தைப் பற்றி எனக்கு ஐயமில்லை. சீனாவின் சென்சென் நகரம் 2017 இன் முடிவிலேயே தனது 16,000 இற்கும் மேற்பட்ட பேருந்துகளை மின்கலத்துக்கு மாற்றிவிட்டது. கேள்வியெல்லாம் பேருந்து இரவில் எங்கே நிற்கிறது என்பதுதான். எங்கள் ஊரிலுள்ள இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சாலையில் (டிப்போவில்) பேருந்துகள் இரவில் ஒரே வளவுக்குள் நிற்கின்றன. பெரிய பேருந்து ஒன்று கிலோமீற்றருக்கு 1 முதல் 1.5 யூனிற் வரை எடுக்கும். நாளுக்கு 200 கிலோமீற்றர் ஓடும் பத்துப் பேருந்துகளை, நெருக்கடியற்ற நேரமான இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரையான ஏழு மணிநேரத்துக்குள் நிரப்புவதற்கு ஏறத்தாழ 350 கிலோவாற் வேண்டும். அது ஊர் மின்மாற்றி தாங்கும் சுமையன்று. தனி மின்மாற்றி வைத்தால் நடக்கக்கூடிய காரியம்.

தனியார் மினிபஸ்களின் நிலைமை வேறு. அவற்றில் பல உரிமையாளரின் வீட்டு வளவிலோ ஒழுங்கை முகப்பிலோதான் இரவில் நிற்கின்றன. வீட்டுக்குரிய 30 அம்பியர் ஒருமுனை இணைப்பை முழுவதுமாக உறிஞ்சினாலும் அந்த ஏழு மணிநேரத்தில் கிடைப்பது 48 யூனிற்; மினிபஸ்சுக்கு அது 70, 80 கிலோமீற்றருக்குத்தான் காணும். பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஒரு தடவை போய்வந்தாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆகவே நெல்லியடி, சுன்னாகம், சாவகச்சேரி போன்ற இடங்களில் இரவுத் தரிப்பிடமும் மும்முனை இணைப்பும் ஒன்றாக அமையும்வரை, கடன்பட்டு மின்கலப் பேருந்து வாங்கும்படி எந்த உரிமையாளருக்கும் நான் சொல்லமாட்டேன். ஆலையோ வெதுப்பகமோ வைத்து, மாலையில் தன் வளவுக்கே வாகனம் திரும்பி வருபவருக்கு மட்டும் இப்போதே வாங்கலாம் என்று சொல்வேன். நானும் இரண்டாவது வாகனத்துக்காக மின் இணைப்பின் கொள்ளளவை உயர்த்த விண்ணப்பித்திருக்கிறேன்.